தண்ணி லாரியும் பின்கேட்டும்

அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத்தின் கதையை யார் சொன்னாலும் கள்ளச்சாராயத்தில்தான் ஆரம்பிப்பார்கள். ஜார்ஜியா, வட கரோலைனா மலைப்பக்கத்து இளவட்டங்கள். பின்சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சாராய ஜாடிகளை அடுக்கிய ஃபோர்டு கார். பின்னால் துரத்தி வரும் வரித்துறைப் போலீஸ். இரவில் தப்பியோடிப் பழகிய கைகள் ஞாயிற்றுக்கிழமை செம்மண் மைதானத்தில் ஒன்றோடொன்று மோதிப் பார்த்தன, அதுவே வளர்ந்து நாஸ்கார் என்ற பந்தய அமைப்பு ஆனது, பிள்ளை வளர்ந்த பின் தொட்டிலைப் பரணில் போட்டதுபோல மண் டிராக்குகள் ஒதுங்கிப் போயின என்று கதை முடியும். கேட்க நன்றாக இருக்கிறது, பாதி உண்மையும்கூட. ஆனால் டிராக் நடத்தும் தொழிலை உள்பக்கத்திலிருந்து பல்லாண்டு பார்த்தவர்களுக்கு இந்தக் கதையில் ஒரு முக்கியமான ஆள் விடுபட்டிருப்பது தெரியும். தண்ணி லாரி ஓட்டுகிறவர்தான் அவர். சிறு ஊர்களில் டிராக்கின் சொந்தக்காரரும் பெரும்பாலும் அவரேதான். என் வாதம் சுருக்கமானது: ஒரு மண் டிராக் பிழைத்ததா, தார் போட்டுக்கொண்டதா, அழிந்ததா என்பதைக் காரையும் ஓட்டுநரையும் வைத்துச் சொல்ல முடியாது. நிலம் யாருடையது, எந்தக் கேட்டில் காசு வாங்குகிறார்கள் என்று கேட்டால் போதும், முக்கால்வாசி விடை கிடைத்துவிடும்.

முதலில் சாராயத்தைப் பேசி முடித்துவிடுவோம், ஏனென்றால் அதை விட்டுவிட்டால் வாசகர் விடமாட்டார். அட்லாண்டாவின் ரேமண்ட் பார்க்ஸ் சாராயப் பணத்தில் எழுந்தவர், அதற்காகச் சிறைக்கும் போனவர். அவருடைய காசும் ரெட் வோக்ட் என்ற மெக்கானிக்கின் கைவண்ணமும் சேர்ந்துதான் 1949இல் ரெட் பைரனுக்கு நாஸ்காரின் முதல் ஸ்டாக் கார் பட்டத்தை வாங்கிக் கொடுத்தன. பார்க்ஸின் உறவுக்காரப் பையன் லாயிட் சீ 1941 செப்டம்பரில் லேக்வுட் டிராக்கில் ஜெயித்தான். மறுநாளே, சாராயம் காய்ச்ச வாங்கிய சர்க்கரைக் கணக்குத் தகராறில் உறவினன் சுட்டு இறந்தான். இதெல்லாம் பதிவான உண்மை. ஆனால் நாஸ்கார் தன் முதல் ஸ்டாக் கார் பந்தயத்தை 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரின் முக்கால் மைல் மண் டிராக்கில் நடத்தியபோது நடந்ததைப் பாருங்கள். முதலில் வந்த க்ளென் டனவேயின் ஃபோர்டு சாராய வண்டி. சுமை தாங்குவதற்காக அதன் பின் ஸ்பிரிங்குகளில் கைவைத்திருந்தார்கள். கடையில் வாங்கியபடியே இருக்கவேண்டிய கார் இப்படி இருக்கக்கூடாது என்று சொல்லி வெற்றியைப் பறித்துவிட்டார்கள். பரிசு போனது ஜிம் ரோப்பருக்கு. செய்தித்தாளின் படக்கதைப் பகுதியில் இந்தப் பந்தயத்தைப் பற்றிப் படித்துவிட்டுக் கான்சாஸ் மாநிலத்திலிருந்து தன் லிங்கன் காரை ஓட்டிக்கொண்டே வந்து சேர்ந்தவர் அவர். டனவேயின் காருக்குச் சொந்தக்காரர் வழக்குப் போட்டார், தோற்றார். ஆக முதல் நாளே சாராய வண்டியை மடக்கியது இன்னொரு கார் கிடையாது, பந்தயம் நடத்தியவரின் விதிப் புத்தகம். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. பென்சில்வேனியா, ஓஹியோ, அயோவா, கலிஃபோர்னியா ஆகிய மாநிலங்களில் மண் டிராக்குகள் தெற்குக்குக் குறையாமல் முளைத்தன. அங்கே எந்தச் சாராயக்காரன் யாரிடமிருந்து தப்பி ஓடினான்?

அங்கே ஓடியவை குதிரைகள். அமெரிக்கக் கிராமப்புறத்தில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆண்டுக்கு ஒருமுறை விவசாயக் கண்காட்சி நடக்கும். கொழுத்த பன்றிக்கும் பெரிய பூசணிக்காய்க்கும் பரிசு கொடுத்த கையோடு, இலகுவண்டி பூட்டிய குதிரைகளை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். அதற்காக அரை மைலோ ஒரு மைலோ நீள்வட்டமாக மண்ணைக் கெட்டித்து, மரவேலி போட்டு, ஒரு பக்கம் கூரை வேய்ந்த பார்வையாளர் மேடை கட்டியிருந்தார்கள். கார் என்ற பொருள் வந்தபோது அது ஓடிக்காட்ட இடம் ஏற்கனவே தயாராக இருந்தது. 1896இல் ரோட் ஐலண்ட் மாநிலக் கண்காட்சியை ஒட்டி நரகான்செட் பார்க் குதிரைத் தடத்தில் கார்கள் ஓடின; ஜெயித்தது ஒரு மின்சாரக் கார் என்பதை இன்றைய மின்வாகன ரசிகர்கள் குறித்துக்கொள்ளலாம். மில்வாக்கியின் கண்காட்சித் திடலில் 1903இல் ஓடின. ஆக இந்த டிராக்கின் வடிவமே குதிரைக்குளம்புக்காக வந்த வடிவம். இடதுபக்கமாகவே வளைவதும், மண்ணாக இருப்பதும், வளைவுகள் தட்டையாக இருப்பதும் யாரும் யோசித்து எடுத்த முடிவுகள் அல்ல. இருந்த இடத்தில் விளையாடினார்கள், அவ்வளவுதான். இன்னொரு விஷயமும் குதிரையோடு வந்தது. கண்காட்சிக்கு வந்த கூட்டம் ஏற்கனவே டிக்கெட் வாங்கிய கூட்டம், அதற்கு வேடிக்கை காட்டினால் போதும். 1915இல் அலெக்ஸ் ஸ்லோன் போன்றவர்கள் சிகாகோவில் தொடங்கிய ஐஎம்சிஏ அமைப்பின் ஆரம்பகாலப் பந்தயங்கள் பலவற்றில் யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்திருந்தார்கள். கிராமத்துக் கூத்தில் ராஜபார்ட் தோற்கக்கூடாது என்பதுபோல. இதைக் கேட்டு அதிர்ச்சி அடைகிறவர்கள் அந்தக் காலத்துக் கேட்டுக் கணக்கைப் பார்க்காதவர்கள்.

இனி மண்ணுக்கு வருவோம். வெளியாட்கள் மண் டிராக் என்றால் ஏதோ உழுதுபோட்ட வயலில் காரை விடுவது என்று நினைக்கிறார்கள். உண்மையில் தார் ரோட்டைவிட இதற்கு வேலை அதிகம். தெற்கில் செம்மண் களி, அயோவாவில் கரிசல் போன்ற ஒட்டுக் கருமண் என்று ஒவ்வொரு ஊர் மண்ணுக்கும் ஒரு குணம் உண்டு. வாரத்தின் நடுவிலேயே அதைக் கிளறிவிட்டு, தண்ணீர் குடிக்கவைத்து, கிரேடரால் இழுத்து, ஆட்டுக்குளம்பு போல முனைகள் உள்ள ரோலரை ஓட்டி அடிவரை ஈரத்தை இறுக்கவேண்டும். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பிடிக்கக் கால்சியம் குளோரைடு தூவுகிறவர்களும் உண்டு. பந்தய நாள் சாயங்காலம் மேலே இன்னொரு நனைப்பு. பிறகு ஓட்டுநர்களையே மெதுவாகச் சுற்றவிட்டு டயரால் மண்ணை அமுக்கச் சொல்வார்கள். சம்பளமில்லாத ரோடு ரோலர்கள் அவர்கள். தண்ணீர் ஒரு கை கூடினால் சேறு, பந்தயம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். ஒரு கை குறைந்தால் இரண்டாவது பந்தயத்திலேயே புழுதிப் புயல், மேடையில் இருப்பவர் கையிலிருக்கும் சோளப்பொரிக்கு மண் மசாலா. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, வெயில் எத்தனை மணிக்கு மேடைக்குப் பின்னால் சாய்கிறது, முந்தின வாரம் எத்தனை கார் ஓடியது என்பதையெல்லாம் லாரிக்காரர் மனக்கணக்காக வைத்திருப்பார். இந்தப் பந்தயங்கள் பெரும்பாலும் இரவில் நடப்பதற்குக் காரணமும் இதுதான். வேலை முடிந்து வரும் மக்களுக்கு வசதி என்பது இருக்கட்டும், வெயிலில் களி நிற்காது. சூரியன் போனால்தான் நனைத்த நீர் மண்ணில் தங்கும்.

இந்த ஈரம் ஒரே இரவில் மாறிக்கொண்டே போவதில்தான் பந்தயமே இருக்கிறது. முதல் சுற்றுகளில் மண் பிசுபிசுவென்று டயரைப் பிடிக்கும், எவரும் வேகமாகப் போகலாம். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் உள்வளைவு காய்ந்து, தேய்ந்த ரப்பர் ஏறி, தரை கறுத்துப் பளபளக்கும். சிதறிய ஈர மண் மேல்பக்கம், சுவரோரமாக, ஒரு திண்டு போலக் குவியும். அந்தத் திண்டில் வலது பின்சக்கரத்தைச் சாய்த்து ஓட்டுகிறவன் நீண்ட வழியில் போனாலும் முந்துவான். ஒரு சாண் தப்பினால் சுவர். வலது பின் டயரின் சுற்றளவை இடதைவிடக் கொஞ்சம் பெரிதாக வைத்தால், தரையில் படுக்கப்போட்டு உருட்டிய காகிதக் கப் வட்டமடிப்பதுபோலக் கார் தானாகவே இடப்பக்கம் திரும்பும். இதை முதலில் வழக்கமாக்கியவர் என்ற பெயர் கன்னாபொலிஸ் ஊர்க்காரர் ரால்ஃப் எர்ன்ஹார்ட்டுக்குச் சொல்லப்படுகிறது. நாஸ்கார் நட்சத்திரம் டேல் எர்ன்ஹார்ட்டின் தகப்பனார், 1956இல் நாஸ்காரின் ஸ்போர்ட்ஸ்மேன் பட்டம் வென்றவர். இங்கே கவனிக்கவேண்டியது இது: மாறும் மண்ணுக்குக் காசு கொடுத்து முழுத் தீர்வு வாங்க முடியாது. சாயங்காலம் ஏழு மணிக்குப் பொருந்திய காரைப் பத்து மணிக்குத் திரும்பவும் பிரிக்கவேண்டும். பணக்காரனுக்கு இதில் சாதகமே இல்லை என்று சொல்லமாட்டேன், உண்டு. ஆனால் தார் டிராக்கில் அவனுக்கு இருக்கும் சாதகத்தை மண் கொஞ்சம் கரைத்துவிடுகிறது. அந்தக் கரைசலில்தான் ஊர் மெக்கானிக்கும் இறைச்சிக்கடைக்காரரும் சனிக்கிழமைதோறும் வந்து நிற்கிறார்கள்.

அவர்கள் வந்து நிற்பதால்தான் டிராக் ஓடுகிறது என்பது அடுத்த செய்தி. சிறிய டிராக்குக்கு இரண்டு கேட்டுகள். முன்கேட்டில் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் டிக்கெட் வாங்குவார்கள். பின்கேட்டு பிட் பக்கம். அங்கே காரோடு வருகிறவர்கள் நுழைவார்கள். அவர்கள் இலவசமாக நுழைவதில்லை. ஓட்டுநர், மெக்கானிக், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் மச்சான் என ஆளுக்கொரு பாஸ் வாங்கவேண்டும், அது முன்கேட்டு டிக்கெட்டைவிட விலை கூட. ஒரு பேச்சுக்கு 80 கார் வந்து, காருக்கு 4 பேர் என்று வைத்து, பாஸ் 35 டாலர் என்றால் பின்கேட்டில் மட்டும் 11,200 டாலர். மழை மிரட்டி முன்மேடை காலியாக இருந்தாலும் பரிசுப் பணத்தின் பெரும்பகுதியை இது தாங்கிவிடும். பர்கரும் பீரும் விற்பது உபரி. அதாவது ஆடுகிறவர்களே காசு கொடுத்து ஆடுகிறார்கள், அந்தக் காசில் ஒரு பங்கைப் பரிசாகத் திரும்ப வாங்குகிறார்கள். கடைசி வகுப்பில் ஜெயித்தவருக்கு வரும் தொகை அவர் எரித்த டயருக்கும் பெட்ரோலுக்கும் பல வாரம் போதாது. இது ஏமாற்று வேலை என்று சொல்கிறவர்கள் உண்டு. கிளப்பில் சந்தா கட்டிச் சீட்டாடுகிறவரை யாரும் ஏமாந்தவர் என்று சொல்வதில்லையே. புரமோட்டர் என்ற சொல்லே தவறான படத்தைத் தருகிறது. சிறு டிராக்காரர் உண்மையில் நிலமும் விளக்கும் விதியும் வாடகைக்கு விடுகிறவர். பக்கத்து ஊர் டிராக் வெள்ளிக்கிழமை என்றால் இவர் சனிக்கிழமை, அடுத்தவர் ஞாயிறு என்று பங்குபோட்டுக்கொள்வதும் இதனால்தான்: ஒரே கார்கள் மூன்று பின்கேட்டிலும் நுழையவேண்டும்.

இந்த இரண்டு கேட்டுகளையும் மனதில் வைத்துக்கொண்டு பழைய வரலாற்றைத் திரும்பப் படித்தால் பல முடிச்சுகள் அவிழும். 1942 ஜூலையில் போர்க்காலச் சிக்கனத்துக்காக அரசு பந்தயங்களை நிறுத்தியது. 1945க்குப் பிறகு, பட்டாளத்தில் இஞ்சின் பிரித்துப் பழகிவந்த இளைஞர்களும் மலிவாகக் கிடைத்த முப்பதுகளின் ஃபோர்டு கூப்பே கார்களும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தன. சொந்த நிலமும் ஒரு புல்டோசரும் இருந்தவரெல்லாம் டிராக் வெட்டினார்கள். வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில்லில் க்ளே எர்ல்ஸ் 1947இல் திறந்தபோது 750 இருக்கைதான் தயார். வந்தது 6,000 பேருக்கு மேல். இது முன்கேட்டுப் பணம். தேவாலயத்துக்கு உடுத்திய நல்ல உடையோடு நேரே வந்த குடும்பங்கள் தலைமுதல் கால்வரை செம்புழுதியோடு வீடு திரும்பினால் அடுத்த முறை வருவார்களா? எர்ல்ஸ் 1955இல் தார் போட்டார். நார்த் வில்க்ஸ்போரோ டிராக்கும் ஐம்பதுகளின் பிற்பகுதியில் போட்டது, ஹிக்கரி 1967இல். தென் கரோலைனாவின் டார்லிங்டன்காரர் ஹாரல்ட் பிராசிங்டன் இன்னும் ஒருபடி போய், 1950இல் நிலக்கடலைக் காட்டில் முதலிலிருந்தே தார் போட்ட பெரிய டிராக் கட்டினார். நிலம் விற்றவர் தன் மீன்குட்டையைத் தொடக்கூடாது என்று சொன்னதால் ஒருபக்க வளைவை இறுக்கவேண்டியதாயிற்று. அந்த டிராக் இன்றுவரை முட்டை வடிவத்தில் இருக்கிறது. நிலம்தான் பேசுகிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி தேவையில்லை. அங்கே நடந்த முதல் 500 மைலில் வேகமான கார்களெல்லாம் டயரைக் கிழித்துக்கொண்டு நிற்க, லாரிக்கான கெட்டி டயர் போட்டு நிதானமாக ஓட்டிய ஜானி மான்ட்ஸ் ஜெயித்தார். தார் தன் விலையை முதல் நாளே டயரில் வசூலித்துவிட்டது.

ஆக தார் போட்டது முன்னேற்றமா என்றால், முன்கேட்டை நம்பியவருக்கு ஆம். பெருங்கூட்டம், பிறகு தொலைக்காட்சி, பிறகு விளம்பரதாரர் என்று போகும் பாதையில் புழுதிக்கு இடமில்லை. நாஸ்காரின் உயர்மட்டத் தொடர் 1949இல் எட்டுப் பந்தயங்களில் டேட்டோனா கடற்கரையைத் தவிர எல்லாவற்றையும் மண் டிராக்கில் நடத்தியது. 1970 செப்டம்பர் 30 அன்று ராலே நகரின் கண்காட்சித் திடலில், அரை மைல் மண்ணில், ரிச்சர்ட் பெட்டி ஜெயித்ததோடு அந்தப் பழக்கம் அறுந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரத்தைத் தடைசெய்ததும் விளம்பரப் பணம் வேறு வாசல் தேடியது. 1971இல் ஒரு சிகரெட் கம்பெனி நாஸ்காரின் உயர்மட்டத் தொடருக்கு வின்ஸ்டன் என்ற பெயரை ஒட்டியது. 1972இல் பந்தயங்களை 48லிருந்து 31ஆகக் குறைத்தார்கள், சிறிய ஊர்ப் பந்தயங்கள் போயின. வழக்கமான வரலாறு இங்கே மண் டிராக்குக்கு ஒப்பாரி வைத்துவிட்டு நகர்ந்துவிடும். எனக்கு இதில்தான் மாறுபாடு. பெரியவர்கள் விட்டுப்போனது சிறு டிராக்கை அழித்திருந்தால், எழுபதுகள் மண்ணின் இறங்குகாலமாக இருந்திருக்கவேண்டும். நடந்தது வேறு. ஓஹியோவின் எல்டோரா டிராக்கில் எர்ல் பால்ட்ஸ், நடனக்கூடம் நடத்திய இசைக்காரர், 1954இல் சிறிதாகத் தொடங்கி அரை மைலாக வளர்த்த மண்ணில், 1971இல் லேட் மாடல் கார்களுக்கு வேர்ல்ட் 100 பந்தயத்தைத் தொடங்கினார். அது அந்த வகைக் கார்களுக்குப் பெருந்திருவிழா ஆனது. அயோவாவின் நாக்ஸ்வில், ஏழாயிரம் சொச்சம் மக்கள் உள்ள ஊர், 1961இல் தொடங்கிய ஸ்பிரின்ட் கார் போட்டியை அந்த வகையின் தலைமைப் பந்தயமாக்கியது. 1978இல் டெட் ஜான்சன் டெக்சாஸில் வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸ் என்ற ஊர்சுற்றும் தொடரைக் கிளப்பினார். எல்லாம் மண்ணில்.

எழுபதுகளின் முக்கியமான கண்டுபிடிப்பு என்று நான் சொல்வது இவை எதையும் அல்ல. அயோவாவின் வின்டன் ஊரில் பந்தயப் பத்திரிகை நடத்திய கீத் நாக் 1978இல் பழைய ஐஎம்சிஏ பெயரை வாங்கி, 1979இல் மாடிஃபைட் என்ற புதிய வகுப்பைத் தொடங்கினார். அதன் உயிர் ஒரே ஒரு விதியில் இருந்தது: ஜெயித்தவருடைய இஞ்சினை, முன்பே குறித்த குறைந்த விலையைக் கொடுத்துத் தோற்றவர் எடுத்துக்கொள்ளலாம். இதன் சாமர்த்தியத்தை நின்று யோசிக்கவேண்டும். இஞ்சினைப் பிரித்து அளக்கும் ஆய்வாளர் தேவையில்லை, போலீஸ் வேலை தேவையில்லை. பத்தாயிரம் செலவழித்து இஞ்சின் செய்கிறவன் அதைச் சில நூறுக்கு இழக்கத் தயாராக இருக்கவேண்டும், ஆகவே செய்யமாட்டான். பேராசைக்குப் பேராசையே காவல். இந்த விதி தகராறு இல்லாமல் ஓடவில்லை. ஜெயித்த கார் மீது வன்மத்துக்காக இஞ்சின் கேட்பதும், கொடுக்க மறுத்துத் தடை வாங்குவதும், நண்பர்கள் ஒருவருக்கொருவர் கேட்காமல் காப்பதும் நடந்தன. ஆனாலும் அந்த வகுப்பு நாடு முழுக்கப் பரவியது. 2000களின் தொடக்கத்தில் ஷெவர்லே சீல் வைத்த தயார் இஞ்சின்களைப் பெட்டியில் விற்கத் தொடங்கியது அதே நோய்க்கு வேறு மருந்து. சீல் உடைந்திருந்தால் தகுதி போச்சு. பின்கேட்டில் நுழையும் கார் எண்ணிக்கையைக் காப்பதே இவற்றின் நோக்கம் என்பது தொழிலில் இருப்பவருக்கு விளக்கத் தேவையில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எல்டோராவிலும் நாக்ஸ்வில்லிலும் கூடுவது பின்கேட்டுக் கூட்டமா? மேடை நிறைய ஜனம். 2001இல் எல்டோராவில் டானி மோரன் ஒரே பந்தயத்தில் பத்து லட்சம் டாலர் வென்றார். அது முன்கேட்டுப் பணம் இல்லாமல் எங்கிருந்து வரும்? சரிதான். மண்ணிலும் முன்கேட்டில் பெரும்பணம் பண்ணலாம், ஆண்டில் இரண்டு மூன்று இரவுகளுக்கு. திருவிழாக் கடைக்கும் தெருமுனை மளிகைக்கும் உள்ள வித்தியாசம் அது. மேலும், அந்த மேடையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஏராளமானோர் தங்கள் ஊரில் கார் வைத்திருப்பவர்கள், அல்லது அப்படிப்பட்டவரின் அண்ணன் தம்பி. வாராந்தர டிராக்குகள் இல்லாமல் போனால் திருவிழாவுக்குக் கூட்டம் ஒரு தலைமுறை வரும், அடுத்த தலைமுறை வராது. இதைவிட என்னை உறுத்துவது ஊர்சுற்றும் தொடர்கள். பெரிய பெயர்கள் ஒருநாள் வந்து, அந்த ஊர் ரசிகரின் மாதச் செலவை ஒரே இரவில் வழித்துக்கொண்டு போகின்றன. உள்ளூர் ஓட்டுநரோ அவர்களைப் பார்த்துப் பல பத்தாயிரம் டாலர் இஞ்சினுக்கு ஆசைப்பட்டுக் கடனாளியாகிறார். பெரிய இரவு நல்ல லாபம் என்று டிராக்காரர் கணக்கு எழுதுவார். அடுத்த மாதம் பின்கேட்டில் ஐந்து கார் குறைந்ததை அதே பக்கத்தில் எழுத மறந்துவிடுவார்.

மண்ணை விட்டுத் தாருக்கு மாறிய சிறு டிராக்குகளின் கதியும் என் பக்கம்தான் பேசுகிறது. பென்சில்வேனியாவின் லாங்ஹார்ன் 1926இல் திறந்த முழுவட்ட ஒரு மைல் மண் டிராக். நேர்பாதையே இல்லாமல் காரை எப்போதும் சறுக்கவைக்கும் கொடூரமான இடம், பல உயிர்களை வாங்கியது. மண் என்றால் பத்திரம் என்று நம்புகிறவர்கள் அதன் பட்டியலைப் பார்க்கட்டும். 1965இல் வடிவத்தை மாற்றித் தார் போட்டார்கள், 1971இல் மூடினார்கள். நியூ ஜெர்சியின் ஃப்ளெமிங்டன் கண்காட்சித் திடல் பல பதிற்றாண்டு மண்ணாக இருந்து 1991இல் தாரானது, 2002 தாண்டவில்லை. இரண்டையும் தார் ஒன்றே கொன்றது என்று சொன்னால் மிகை. அவற்றைச் சுற்றிலும் வீடுகளும் கடைகளும் பெருகிக்கொண்டிருந்தன; ஏக்கர் விலை ஏற ஏற, சனிக்கிழமை இரவு வருமானம் அதற்கு வட்டிகூட ஆகவில்லை. உண்மையில் சிறு டிராக்கின் சாவுச் சான்றிதழில் காரணம் என்ற இடத்தில் பெரும்பாலும் இதைத்தான் எழுதவேண்டும். ரெடிங் கண்காட்சித் திடல் 1979இல் மூடி ஷாப்பிங் மாலானது. அந்த மாலும் பிறகு மூடியது. கலிஃபோர்னியாவின் ஆஸ்காட் பார்க் புகழின் உச்சத்தில் இருந்த இடம், ஆனால் நடத்தியவருக்குச் சொந்த நிலமில்லை, குத்தகை. 1990 நவம்பரோடு கதை முடிந்தது. ஃபீனிக்ஸின் மான்சனிட்டா, நாய்ப் பந்தயத் திடலாக இருந்து 1951இல் கார் டிராக்கானது, 2009இல் நிலம் விற்கப்பட்டது. மூன்றிலும் கூட்டம் குறைவில்லை. நாக்ஸ்வில் இன்றும் நிற்பதற்கு அதன் நிலம் மாவட்டக் கண்காட்சி அமைப்பின் கையில் இருப்பது ஒரு பெருங்காரணம். லாபம் பார்த்து விற்கும் அவசரம் எவருக்கும் இல்லை.

நிலமும் கேட்டும் வைத்திருந்தவர்களை நான் புனிதராக்குகிறேன் என்று நினைத்துவிடவேண்டாம். அந்த அதிகாரம் எப்படியெல்லாம் பேசும் என்பதற்கு வெண்டல் ஸ்காட்டின் வாழ்க்கை சாட்சி. 1952இல் வர்ஜீனியாவின் டான்வில் டிராக்காரர்கள் கறுப்பின ஓட்டுநர் ஒருவரைத் தேடியதற்குக் காரணம் சமத்துவம் கிடையாது, கூட்டம் சேர்க்கும் ஆசை. உள்ளூர்ப் போலீஸிடம் விசாரித்தார்கள், சாராயம் கடத்தியதற்காகப் போலீஸுக்கு நன்கு தெரிந்தவர் ஸ்காட். (சாராயத்தை முழுக்க விரட்டிவிட முடியவில்லை பாருங்கள்.) முன்கேட்டு வாசல் அவருக்கு அப்படித் திறந்தது. 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில்லின் அரை மைல் மண்ணில் அவர் ஜெயித்தபோது கோப்பையைப் பக் பேக்கரிடம் கொடுத்துவிட்டார்கள். கூட்டம் கலைந்து சில மணி நேரம் கழித்துச் சுற்றுக் கணக்கில் பிழை என்று ஒப்புக்கொண்டார்கள். அக்காலத்தில் சுற்றுகளைக் காகிதத்தில் கையால்தான் எழுதுவார்கள், பிழை வருவது அரிதல்ல. ஆனால் அந்தப் பிழை ஏன் சரியாக அன்றைக்கு வந்தது என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. அவர் குடும்பத்துக்குக் கோப்பை 2021இல்தான் போய்ச் சேர்ந்தது. கறுப்பின வெற்றியாளரை மேடையில் நிறுத்தினால் முன்கேட்டுக் கூட்டம் என்ன செய்யும் என்ற பயம் அன்று நடத்தியவர்களின் மனத்தில் இருந்திருக்கும் என்பது என் ஊகம். பென்சில் பிடித்தவன் கையில் பந்தயம் இருந்த காலம் அது.

அதே 2021இல் நாஸ்கார் மண்ணை நினைத்துக்கொண்டது. டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டல் கான்கிரீட் டிராக்கின் மேல் ஆயிரக்கணக்கான லாரி மண்ணைக் கொட்டி, ஐம்பதாண்டுக்குப் பின் உயர்மட்டத் தொடரை மண்ணில் ஓட்டினார்கள். ஞாயிறு பந்தயத்தை மழை திங்களுக்குத் தள்ளியது. பட்டப்பகலில் ஓடினார்கள், புழுதி எழுந்தது. மண் கார்களுக்கு முன்கண்ணாடி கிடையாது, கம்பிவலைதான். ஓட்டுநர் ஹெல்மெட் கண்ணாடி மேல் அடுக்கி ஒட்டிய மெல்லிய தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்து எறிந்துகொண்டே போவார். இவர்களுடைய காரில் முன்கண்ணாடி இருந்தது, ஈர மண் அதில் பிளாஸ்டர் போல அப்பியது. ஆகவே ஈரமாகவும் வைக்க முடியாது, காயவும் விட முடியாது. ஜோயி லோகானோ ஜெயித்தார். அடுத்த இரண்டு ஆண்டும் இரவுக்கு மாற்றிப் பார்த்தார்கள், 2024இல் கான்கிரீட்டுக்கே திரும்பிவிட்டார்கள். ஓட்டுநர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, மண்ணைத் தயார் செய்தவர்களும் அனுபவசாலிகளே. ஆனால் அந்த மண் வாரந்தோறும் அதே ஆளின் லாரியில் நனைந்த மண் அல்ல, அந்த இடத்துக்குப் பின்கேட்டும் இல்லை. முன்கேட்டுக்காகக் கொண்டுவந்த மண்ணை முன்கேட்டே திருப்பி அனுப்பிவிட்டது.

அலபாமாவின் டல்லடேகாவில் நாஸ்காரை நிறுவிய பில் ஃப்ரான்ஸ் 1969இல் திறந்த 2.66 மைல் மாபெரும் தார் டிராக் இருக்கிறது. வட கரோலைனாவின் ஹில்ஸ்போரோவில் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை உள்ளூர்ப் பாதிரிமார்கள் எதிர்த்து நின்று, அங்கிருந்த ஆக்கனீச்சி மண் டிராக் 1968இல் மூடிய பிறகு கட்டியது. ஆக்கனீச்சி இப்போது நடைபாதை, மேடை இருந்த சரிவில் பைன் மரங்கள். டல்லடேகாவில் பெரிய டிராக்குக்கு எதிர்ப்பக்கம், சாலையைத் தாண்டினால், மூன்றில் ஒரு மைல் மண் டிராக் ஒன்று. 1932இல் பிறந்த ரெட் ஃபார்மர், நாஸ்கார் புகழ்மண்டபத்தில் பெயர் ஏறியவர், எண்பதுகளின் கடைசி வயதிலும் தார் டிராக்குக்குப் போகவில்லை. சாலையின் இந்தப் பக்கம்தான், பேரன் வயதுப் பையன்களோடு, தண்ணி லாரி போட்டுக் கொடுத்த ஈரத்தில் லேட் மாடல் ஓட்டிக்கொண்டிருந்தார்.